நொட்டை சொல்லும் தொழில்

புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் எனக்குப் பட்டப்பெயர் நொட்டை. புதுச்சட்டை தைத்து வந்தால் காஜா கோணல் என்பேன். அக்காள் கோலம் போட்டால் ஒரு புள்ளி விலகியிருக்கிறது என்பேன். பந்தியில் உட்கார்ந்தால் இலையின் நுனி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் சோற்றைப் பார்ப்பேன். "இவன் வாயில நொட்டையத் தவிர வேற எதுவும் வராதா?" என்று ஆத்தா அலுத்துக்கொண்டது தெருவுக்கே கேட்டு, பிள்ளைகள் கூப்பிடுகிற பெயராகிவிட்டது. பெரியவனான பிறகுதான், இந்தக் குணத்துக்குச் சம்பளம் கொடுக்கிற வேலை ஒன்று உலகத்தில் இருப்பது தெரியவந்தது. 1980களின் தொடக்கத்தில் திருச்சியில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவனாகச் சேர்ந்தேன். அன்றிலிருந்து பிறர் எழுதியதில் குற்றம் பார்த்துத்தான் சாப்பிடுகிறேன்.

தொழில் காரணமாக அகராதி எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒருநாள் மதியம், வேலை ஓய்ந்திருந்த நேரத்தில், என் பட்டப்பெயரைத் தேடிப் பார்த்தேன். நொட்டை என்றால் குறை. நாக்கைச் சப்புக்கொட்டி எழுப்புகிற ஓசைக்கும் அதே பெயர். எனக்கு உடனே ஆத்தாவின் முகம் நினைவுக்கு வந்தது. நான் குறை சொல்லத் தொடங்குவதற்கு முன்னால், பொருளைப் பார்த்தபடி 'ச்சு' என்று ஓர் ஒலி எழுப்புவேனாம். அதைக் கேட்டதுமே வீட்டில் எல்லோரும் எழுந்து போய்விடுவார்களாம்.

நொட்டை தனியாக வருவது குறைவு. 'நொட்டை நொள்ளை சொல்லாதே' என்று இரட்டையாகத்தான் வரும். நொள்ளை என்பது பார்வை போன கண்ணைக் குறித்த சொல். நொள்ளைக்கண் என்று ஏசுவது ஒரு காலத்தில் சாதாரணம். இப்போது யாரையும் அப்படிச் சொல்லக் கூடாது, சொல்வதும் இல்லை. ஆக, ஒன்று நாக்கு, இன்னொன்று கண். பார்க்கவும் தெரியாமல், பேசாமல் இருக்கவும் முடியாமல் இருப்பவனுக்கு இந்த இரட்டைச் சொல்லை விடப் பொருத்தமானது கிடைக்காது. இது என் கணக்கு. சொற்பிறப்பு ஆராய்கிற அறிஞர்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. தென்மாவட்டங்களில் இடக்கையை நொட்டாங்கை என்பார்கள். அதையும் இந்தக் குடும்பத்தில் சேர்க்கலாமா என்று எனக்கு ஆசை. ஆனால் சத்தம் ஒத்துப்போகிறது என்பதற்காகச் சொற்களுக்குச் சம்பந்தம் பேசக் கூடாது.

அகராதியில் இல்லாத ஒன்றைப் பேச்சு வழக்கில் கவனித்தேன். குற்றம், குறை, பிழை, தவறு, வழு என்று தமிழில் எத்தனையோ இருக்கின்றன. அவை எல்லாம் பொருளில் 'இருப்பவை'. இந்த வரியில் பிழை இருக்கிறது, அந்தச் சுவரில் குறை இருக்கிறது என்போம். 'இதில் நொட்டை இருக்கிறது' என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நொட்டையை எப்போதும் ஓர் ஆள்தான் 'சொல்கிறான்'. பிழை, எழுதியவனுடையது. நொட்டை, சொல்கிறவனுடையது. ஊர்க்காரர்கள் இலக்கணம் படிக்காமலே இந்த வேறுபாட்டை இவ்வளவு கறாராக வைத்திருக்கிறார்கள். எனக்கு அது விளங்க வெகுகாலம் ஆயிற்று.

நான் சேர்ந்தபோது அச்சகத்தில் ஈய எழுத்துகள்தாம். அச்சுக் கோப்பவர் கேஸ் பெட்டியிலிருந்து ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கி ஸ்டிக்கில் அடுக்குவார். வரிகள் சேர்ந்து காலி என்கிற தட்டில் ஏறும். அதன்மேல் மை தடவி, ஈரத்தாளை வைத்து ஒற்றி எடுத்தால் அதுதான் முதல் புரூஃப். ஒரு பையன் மூலப்பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு 'கால்புள்ளி', 'முற்றுப்புள்ளி' என்று நிறுத்தக்குறிகள் உட்பட உரக்கப் படிப்பான். நாங்கள் புரூஃபைப் பார்த்துக்கொண்டே வருவோம். தமிழ் அச்சில் ரகரத்துக்கும் காலுக்கும் உள்ள வேறுபாடு அடியில் ஒரு சின்னச் சாய்கோடுதான். அது தேய்ந்துபோன எழுத்தாக இருந்தால் எது ர, எது ா என்று கண்டுபிடிப்பதற்குள் கண்ணில் நீர் வந்துவிடும். கௌ என்பதில் வருவதும் ளகரமும் ஒரே மாதிரி இருக்கும். போதாக்குறைக்கு எழுத்துச் சீர்திருத்தம் வேறு. பெரியார் 1935இலேயே குடி அரசு இதழில் கொண்டுவந்துவிட்டதைத் தமிழக அரசு 1978இல் ஆணையாகப் போட்டது. தும்பிக்கை வைத்த பழைய லை, ளை, ணை, னையும், வளைந்த றா, ணா, னாவும் போய் இன்றைய வடிவங்கள் வந்தன. ஆனால் அச்சகத்தில் பழைய ஈயம் தீரும்வரை இரண்டும் கலந்தே கிடந்தன. ஒரே பக்கத்தில் ஒரு லை தும்பிக்கையோடும் அடுத்த லை தும்பிக்கை இல்லாமலும் நிற்கும். அதையெல்லாம் பிடித்துக் கோடு போடுவதில் எனக்கு இருந்த ஆனந்தத்தைச் சொல்லி முடியாது. பிறந்ததிலிருந்து திட்டு வாங்கிக்கொடுத்த குணத்துக்கு, ஒரு மேசை, ஒரு சிவப்புப் பேனா, மாசம் பிறந்தால் கையில் பணம்!

அங்கே எனக்கு மூத்தவராக ஒரு பெரியவர் இருந்தார். தமிழ் வித்துவான் படிப்பு, வெற்றிலைப் பழக்கம், குறைந்த பேச்சு. முதல் வாரத்தில் அவர் சொன்னது: "தம்பி, கதையப் படிக்காதீங்க. எழுத்தப் படிங்க." அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பொருளைப் பிடித்துக்கொண்டு படிக்கிறவர்களின் கண், இல்லாத எழுத்தை இருப்பதாக நிரப்பிக்கொண்டு ஓடிவிடும். அதனால்தான் எழுதியவருக்கே தம் பிழை தெரிவதில்லை. அவருக்குப் பொருள் முன்பே தெரியும். பெயர்ப் பட்டியல் போன்றவற்றை அவர் கடைசியிலிருந்து முதலுக்குப் படிப்பார். பொருள் ஓடி வந்து குறுக்கே விழாமல் இருக்க. நானும் பழகினேன். சில மாதங்களில், ஒரு முழு நாவலைத் திருத்தி முடித்துவிட்டு, கதாநாயகி கடைசியில் பிழைத்தாளா செத்தாளா என்று கேட்டால் விழிக்கிற அளவுக்குத் தேறிவிட்டேன்.

அவர் சொன்ன இன்னொன்றும் உண்டு. நான் ஒரு கட்டுரையில் பிடிக்காத வாக்கியங்களுக்கு எல்லாம் அடிக்கோடு போட்டு, பக்கத்தில் கேள்விக்குறி வைத்துக்கொண்டே போயிருந்தேன். அவர் பார்த்துவிட்டு, "கோடு போட்டா பக்கத்துல சரியானத எழுதணும். எழுதத் தெரியலன்னா கோடு போடாதீங்க" என்றார். அச்சுக் கோப்பவருக்குக் கேள்விக்குறியால் என்ன பயன்? அவர் எந்த எழுத்தை எடுத்துவிட்டு எந்த எழுத்தை வைப்பார்? பிழை திருத்துகிறவனுடைய கோட்டுக்கு மதிப்பே, ஓரத்தில் அவன் எழுதுகிற மாற்றால்தான்.

நன்னூலை அவர்தான் எனக்கு மறுபடி படிக்கக் கொடுத்தார். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர், நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்கிறார். குறைவாகச் சொல்வது, மிகையாகச் சொல்வது, சொன்னதையே சொல்வது, முன்னுக்குப்பின் முரணாகச் சொல்வது, மயங்க வைப்பது, வெறும் சொல்லாக அடுக்குவது, வேறொன்றை விரித்துக்கொண்டு போவது, போகப்போகத் தேய்ந்து முடிவது, இருந்தும் பயனில்லாமல் இருப்பது. இவற்றோடு வழுவுள்ள சொல்லைச் சேர்ப்பதும் ஒன்று. பத்தில் அந்த ஒன்றுதான் சொற்பிழை. மற்ற ஒன்பதும் விஷயத்தைச் சொல்கிற விதம் பற்றியவை. நான் வாழ்நாளெல்லாம் அந்தப் பத்தில் ஒன்றை மட்டும் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். அது மட்டுமல்ல, பத்துக் குற்றத்தைச் சொன்ன கையோடு பத்து அழகையும் பவணந்தியார் வரிசைப்படுத்துகிறார். அதாவது ஓரத்தில் சரியானதை எழுதுகிறார்.

இதெல்லாம் மேசையில் இருக்கும்போது. மாலையில் அச்சகத்தை விட்டு வெளியே வந்தால் பேனா சட்டைப் பையில் இருக்கும். கண் மட்டும் மூடாது. கடைப்பலகை, பேருந்தின் பின்புறம், சுவரொட்டி என்று எதுவும் தப்பாது. 'சுவற்றில் எழுதாதே' என்று எழுதியிருந்தால் அங்கேயே நின்றுவிடுவேன். கிணறு கிணற்றில் ஆகும், வயிறு வயிற்றில் ஆகும்; சுவர் சுவரில்தான் ஆகும். கூட வருபவர்களுக்கு இதை விளக்குவதற்குள் பேருந்து போய்விடும். முயற்சிக்கிறேன் என்பவர்களிடம் முயல்கிறேன் என்று சொல்லச் சொல்வேன். பதட்டம் அல்ல, பதற்றம். அருகாமை என்றால் அருகில் இல்லாமை என்று பொருள்படும் என்பேன். ஒரு என்று வரவேண்டிய இடத்தில் ஓர் வந்தால் தூக்கம் வராது.

வாழ்த்துகளா, வாழ்த்துக்களா என்பது என் பெரும்போர். கள் என்பது பன்மை விகுதி, அதற்கு முன் ஒற்று எதற்கு. ஒற்றுப் போட்டால் வாழ்த்தாகிய கள் என்று குடிக்கிற கள் வந்துவிடும் என்று கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பேன். சிரிப்பது பெரும்பாலும் நான் மட்டும்தான். பழைய பதிப்புகளில் 'எழுத்துக்கள்' என்று ஒற்றோடு அச்சாகியிருப்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அதைச் சொல்லமாட்டேன்.

கோயில், கோவில் கதை இதைவிட வேடிக்கை. இலக்கணப்படி ஓகாரத்தை அடுத்து வகர உடம்படுமெய் வந்து கோவில் ஆகவேண்டும். வழக்கோ கோயில் என்பதை ஏற்றுக்கொண்டுவிட்டது. இரண்டும் சரி. எங்கள் அச்சகத்தில் நான் கோவிலை எல்லாம் கோயில் ஆக்குவேன். என்னோடு இன்னொருவர் வேலை பார்த்தார். இரண்டாம் புரூஃபில் அவர் எல்லாவற்றையும் கோவில் ஆக்குவார். ஒரு தலபுராணப் புத்தகம் இப்படி எங்கள் இருவருக்கும் நடுவே போய்வந்து போய்வந்து, அச்சுக் கோப்பவர் ஈய எழுத்தோடு எழுந்துவந்து, "எந்தச் சாமியாவது ஒண்ண முடிவு பண்ணுங்கய்யா" என்று கத்திவிட்டார்.

என்னை யாராவது குத்திக்காட்டினால், சிவனின் பாட்டிலேயே குற்றம் கண்ட புலவர் நக்கீரரைத் துணைக்கு அழைப்பேன். 1965இல் வந்த திருவிளையாடல் படத்தைப் பார்த்த தமிழர்களுக்கு நக்கீரர் என்றால் ஏ.பி. நாகராஜன் முகம்தான். படத்தை இயக்கியவரே அந்த வேடத்தையும் போட்டுக்கொண்டார். எதிரே சிவாஜி சிவனாக; சிவன் எழுதிக்கொடுத்த பாட்டோடு மன்னனின் பொற்கிழிக்கு வருகிற தருமியாக நாகேஷ். பாட்டு எழுதிப் பெயர் வாங்குகிறவர்கள் ஒரு வகை, குற்றம் கண்டுபிடித்தே பெயர் வாங்குகிறவர்கள் இன்னொரு வகை என்று தருமி புலம்புகிற இடத்தில் கொட்டகை அதிரும். எங்கள் அச்சகத்தில் அந்த வசனத்தை என்னைப் பார்த்துச் சொல்லாதவர்கள் இல்லை.

அந்தக் கதையைப் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் தேடிப் படித்தபோதுதான் என் துணைக்கு வந்தவர் எனக்கு எதிர்க்கட்சி என்பது தெரிந்தது. நக்கீரர் கண்டது சொற்குற்றம் அல்ல, பொருட்குற்றம். பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையாக மணம் உண்டா இல்லையா என்பது வழக்கு. எழுத்து, சீர், தளை பற்றி அவர் வாயே திறக்கவில்லை. புராணத்தில் தருமிக்குப் பொற்கிழி அளித்த படலத்துக்கு அடுத்தது கீரனைக் கரையேற்றிய படலம். அதற்கும் அடுத்ததைத் திரைப்படம் மட்டும் பார்த்தவர்கள் அறியமாட்டார்கள்: கீரனுக்கு இலக்கணம் உபதேசித்த படலம். நெற்றிக்கண் சுட்டு விழுந்த கீரரைப் பொற்றாமரைக் குளத்திலிருந்து ஏற்றிவிட்ட கையோடு, அகத்தியரை வரவழைத்துக் கீரருக்கு இலக்கணம் சொல்லிவைக்கச் செய்கிறார் இறைவன். கடவுளிடமே குற்றம் கண்டவனுக்குக் கடைசியில் கிடைத்தது ஓர் இலக்கண வகுப்பு.

சண்டைக்குக் காரணமான பாட்டு குறுந்தொகையில் இரண்டாவதாக, இறையனார் பெயரில் இருக்கிறது. அங்கே மன்னனும் இல்லை, பொற்கிழியும் இல்லை; தலைவன் ஒரு தும்பியிடம் பேசுகிறான், அவ்வளவுதான். எனக்காக இனிப்பாகச் சொல்லாதே, நீ கண்டதைச் சொல் என்று அந்த வண்டிடம் கேட்கிறான். உள்ளதை உள்ளபடி சொல் என்று கேட்கிற ஒரு பாட்டின் மேல்தான் பிற்காலத்துக் கதை, உள்ளதைச் சொன்னவனை எரித்தது. கதையில் இன்னொன்றும் நடக்கிறது. வாதத்தில் பதில் இல்லாதபோது பேச்சு கீரரின் பிறப்புக்கும் சங்கறுக்கும் தொழிலுக்கும் தாவுகிறது. குற்றம் சொன்னவனின் சாதியைக் கேட்பது அன்றைக்கே இருந்திருக்கிறது.

குற்றம் காண்பவர்களைப் பற்றித் தமிழில் உள்ள கதைகள் எல்லாமே ரத்தக்கறை படிந்தவை. பிழையான பாட்டைக் கேட்டால் பிள்ளைப்பாண்டியன் தலையில் குட்டுவான், வில்லிபுத்தூரார் காதை அறுப்பார், ஒட்டக்கூத்தர் தலையையே எடுப்பார் என்று தனிப்பாடல் மரபு சொல்லும். சீத்தலைச் சாத்தனார் இன்னும் ஒருபடி மேல். பிறர் பிழைக்குத் தம் தலையிலேயே எழுத்தாணியால் குத்திக்கொள்வாராம், அதனால் சீழ்த்தலையாம். சீத்தலை என்பது ஊர்ப்பெயர் என்று அறிஞர்கள் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் புரூஃப் திருத்துகிறவனுக்கு அந்தக் கதை பொய்யாகத் தோன்றாது. இவற்றில் எனக்குப் பிடித்தது வில்லிபுத்தூரார் கதையின் முடிவு. துறட்டியோடு வந்தவருக்கு அருணகிரிநாதர் கந்தரந்தாதியில் தகர வரிசையாலேயே ஒரு பாட்டைச் சொன்னார். வில்லியாருக்குப் பொருள் விளங்கவில்லை. தோற்றவர் காதை அறுக்கிற விதிப்படி வில்லியாரின் காதையே அறுத்திருக்கலாம். அருணகிரியாரோ தாமே பொருளை விளக்கிச் சொல்லி, இனி யார் காதையும் அறுக்காதே என்று அனுப்பிவைத்தார்.

அந்தத் துறட்டி ஆட்களுக்கு வடமொழித் தருக்க நூல்காரர்கள் ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். கௌதமரின் நியாய சூத்திரம் விவாதத்தை வாதம், ஜல்பம், விதண்டை என்று மூன்றாக்குகிறது. உண்மையைத் தேடுவது வாதம். எப்படியாவது வெல்லப் பார்ப்பது ஜல்பம். விதண்டை என்பது, தன் கட்சி என்று எதையும் நிறுவாமல் எதிராளி சொல்வதை மட்டும் உடைத்துக்கொண்டே போவது. நாம் தெருவில் சொல்கிற விதண்டாவாதம் அங்கிருந்து வந்ததுதான். குதர்க்கமும் அப்படியே, கெட்ட தர்க்கம். வித்துவான் பெரியவர் நியாய சூத்திரம் படித்தாரா என்று தெரியாது. ஆனால் கோடு போட்டுவிட்டுப் பக்கத்தில் எழுதாதவனை அவர் கண்டித்ததும் இந்த விதண்டையைத்தான்.

இத்தனையும் படித்துவைத்திருந்த எனக்கு விஷயத்தை விளங்கவைத்தது ஆத்தா எழுதிய ஒரு கார்டு.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் அறிவொளி இயக்கம் தொடங்கியது. 1992இல் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று அறிவித்தார்கள். சம்பளம் வாங்காத தொண்டர்கள் ராத்திரியில் ஊர் ஊராக வந்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். களத்துமேட்டில், கோயில் திண்ணையில், தெருவிளக்கடியில் வகுப்பு நடந்தது. பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் ஓட்டப் பழகியதும் அப்போதுதான். ஆத்தா சைக்கிள் பக்கம் போகவில்லை. ஆனால் கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரல் நீட்டிக்கொண்டிருந்தவள், வயல் வேலை முடித்து வந்து, பலகையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

சில மாதம் கழித்து என் அச்சக முகவரிக்கு ஒரு கார்டு வந்தது. பென்சிலில் எழுதி, மேலே பேனாவால் ஓட்டியிருந்தது. ஆத்தா தன் கையால் எழுதிய முதல் கடிதம். தங்கச்சியைப் பெண் பார்க்க வெள்ளிக்கிழமை வருகிறார்கள், அப்பா இல்லாத வீடு, நீ வந்து முன்னால் உட்கார வேண்டும் என்று எழுதியிருந்தாள். எனக்குச் சந்தோஷத்தில் கை நடுங்கியது. உண்மையாகவே நடுங்கியது. உடனே உட்கார்ந்து பதில் எழுதினேன். ஆத்தா, நன்றாக எழுதியிருக்கிறாய், ஆனால் சில பிழைகள் இருக்கின்றன என்று தொடங்கி, கீழே இரண்டு பத்தியாகப் பிரித்து, நீ எழுதியது, சரியானது என்று வரிசையாக எழுதினேன். பெரியவர் சொன்ன விதியை மீறவில்லை, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மாற்று எழுதினேன். அந்தப் பட்டியலில் 'வெல்லிக்கிழமை'யும் இருந்தது. அதற்கு நேரே என் கையால் வெள்ளிக்கிழமை என்று அழகாக எழுதினேன்.

அந்த வெள்ளிக்கிழமை நான் போகவில்லை. வேலை இருந்ததா என்றால் இல்லை. போகவேண்டும் என்பது மனதில் ஏறவே இல்லை. எழுத்தைத்தான் படித்தேன், கதையைப் படிக்கவில்லை.

அடுத்த மாதம் ஊருக்குப் போனபோது ஆத்தா அழவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. சோறு போட்டாள். சாப்பிட்டு முடித்த பிறகு, "நான் எழுதுன கார்டுல என்ன போட்டிருந்தேன், சொல்லு பாப்போம்" என்று கேட்டாள். வல்லின றகரம் வரவேண்டிய இடத்தில் இடையின ரகரம் போட்டிருந்தாய், ளகரத்துக்கு லகரம் என்று அடுக்கினேன். பாதியில் எனக்கே சுருதி இறங்கியது. "எழுத்தெல்லாம் சரியாயிருச்சுடா. ஆளு வரலயே" என்றாள். பிறகு அந்தச் சொல்லைச் சொன்னாள். சின்ன வயதில் ஆயிரம் தடவை கேட்ட சொல்தான். அன்றைக்குத்தான் அதன் பொருள் முழுசாக விளங்கியது.

ஆத்தா எழுதியது பிழைதானா என்பதும் பிறகு எனக்குள் ஒரு கேள்வியாக நின்றது. ரகரத்துக்கும் றகரத்துக்கும் நாக்கு படுகிற இடத்தையும் விதத்தையும் தொல்காப்பியம் பிறப்பியலில் தனித்தனியாகச் சொல்கிறது. எங்கள் பக்கத்துப் பேச்சில் அந்த வேறுபாடு போய் எவ்வளவோ காலம் ஆயிற்று. றகரம் இரட்டித்தாலோ தகரமாகவே ஆகிவிடும்; காற்றைக் காத்து என்கிறோம். மாற்றை மாத்து என்கிறோம். ஆத்தா தன் காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருந்தாள். அவள் காதுக்கு உண்மையாக இருந்தாள். நான் பிடித்தது கண்ணுக்கான வழக்கு. வழக்கு வேண்டியதுதான், அச்சுக்கு அது இல்லாமல் முடியாது. புத்தகத்தில் இன்றும் ஒரு ரகரத்தை இடம் மாறி நிற்க விடமாட்டேன். ஆனால் ஆத்தா அந்தக் கார்டை என்னிடம் புரூஃப் பார்க்க அனுப்பவில்லை.

அவள் எழுதுவதை நிறுத்திவிடவில்லை. தொடர்ந்து எழுதினாள். கடைசியில் மட்டும், பிழை இருந்தால் உன்னோடு வைத்துக்கொள் என்று ஒரு வரி எப்போதும் இருக்கும். தங்கச்சிக்கு அந்த இடமே முடிந்தது. என் மாப்பிள்ளை நல்ல மனிதர். பெண் பார்க்க வந்த அன்று தமையனைக் காணோம் என்றதும், கார்டில் பிழை திருத்திக்கொண்டிருக்கிறார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இன்றைக்கும் எங்கள் வீட்டுப் பத்திரிகை எதுவானாலும் அவர் நேரே என்னிடம் கொண்டுவந்து நீட்டி, "மச்சான், கிழமை மட்டும் பாருங்க" என்பார்.

வேலையை நான் மாற்றிக்கொள்ளவில்லை, மாற்றவும் வேண்டியதில்லை. கண்டிப்பான பிழை திருத்துபவர்கள் இல்லாமல் தமிழில் நல்ல புத்தகம் வராது. கணினி வந்த பிறகு அந்த வேலையை ஒழித்துவிட்ட பதிப்பகங்களின் புத்தகங்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது அவருக்கு எதிராகக் கண்டனங்கள் அச்சாகிப் பரவின. அந்தக் கண்டனங்களை இன்று அநேகமாக யாரும் தேடிப் படிப்பதில்லை. அவரோ அடுத்தடுத்த பதிப்புகளில் தம் நூலைத் தாமே திருத்திக்கொண்டே போனார். பழைய தமிழ்ப் புத்தகங்களின் முன்னாலோ பின்னாலோ 'பிழையும் திருத்தமும்' என்று ஒரு பக்கம் இருக்கும். தம் பிழையைத் தாமே அச்சிட்டு, பக்க எண், வரி எண் போட்டு, எதிரே சரியானதையும் தந்த அந்தப் பக்கத்தை இப்போதைய புத்தகங்களில் காண்பதில்லை.

எங்கள் குறிகளில் ஸ்டெட் என்று ஒன்று உண்டு. தவறாகத் திருத்திவிட்டோம் என்று தெரிந்தால், அடித்த சொல்லுக்குக் கீழே புள்ளிகள் வைத்து ஓரத்தில் அதைப் போட வேண்டும். இருந்தது இருந்தபடியே இருக்கட்டும் என்று அர்த்தம். இளமையில் நான் அதைப் போட்டதே இல்லை. போடுவது தோல்வி என்று நினைத்தேன். இப்போது அதிகம் போடுவது அதைத்தான்.

கல்யாணப் பத்திரிகை வந்தால் தேதியும் கிழமையும் பொருந்துகின்றனவா, பெயர்கள் சரியா, மண்டபம் எந்த ஊர் என்று பார்க்கிறேன். தேதிக்கும் கிழமைக்கும் பொருத்தம் இல்லாவிட்டால் கேட்காமலே போன் போட்டுச் சொல்லிவிடுகிறேன். ஊரார் வராமல் போய்விடுவார்கள், அது பிழை. மற்றபடி ஒற்று மிகுந்தாலும் மிகாவிட்டாலும் மொய் கவரோடு போய் முன்வரிசையில் உட்கார்ந்துவிடுகிறேன். கவரின் மேல் நான் எழுதுவது 'வாழ்த்துகள்'. எனக்கு 'வாழ்த்துக்கள்' என்று எழுதி வந்தால் நன்றி என்று பதில் போடுகிறேன்.